மீன்தொட்டிக்குள் மியூவோன்: விறாந்தையில் ஒரு முகிலறை

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் ஒன்பது பிள்ளைகள் கூடுவார்கள். தரம் 9, 10 படிக்கிறவர்கள். நாலு பேர் அக்கம்பக்கம், மூன்று பேர் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிறவர்கள், மற்ற இரண்டு பேரும் வீட்டில் சிங்களம் பேசுகிற பிள்ளைகள். முப்பத்தொரு வருடம் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு ஓய்வெடுத்த எனக்கு இது டியூஷன் இல்லை. காசு வாங்குவதில்லை, பாஸ்பேப்பர் செய்விப்பதில்லை. ஏதாவது சாமான் செய்து பார்ப்போம், அவ்வளவுதான். அப்படிச் செய்தவற்றில் தாய்தகப்பன்மாரும் வேறு ஊர் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது முகிலறையைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஆகவே எழுதி வைக்கிறேன்.

முகிலறை என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அற்ககோல் ஆவி நிறைந்த ஒரு கண்ணாடிப் பெட்டி. மேலே வெக்கை, அடியில் கடும் குளிர். ஆவி கீழே இறங்கி, துளியாக மாறவேண்டிய குளிரைத் தாண்டியும் மாற இடமில்லாமல் தவித்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம் அணுவைவிடச் சிறிய, மின்னேற்றமுள்ள துணிக்கை ஒன்று ஊடறுத்துப் போனால், போன வழியெல்லாம் அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களையும் மூலக்கூறுகளையும், விட்டுச் செல்லும். ஒவ்வோர் அயனிலும் துளி பிடிக்கும். விமானம் போன பிறகு வானத்தில் நிற்கும் வெள்ளைக் கோடு மாதிரி, துணிக்கை போன வழி கண்ணுக்குத் தெரியும். துணிக்கையை யாரும் பார்த்ததில்லை, வழியைத்தான் பார்க்கிறோம். தலைப்பிலுள்ள மியூவோனும் அப்படியொரு துணிக்கைதான், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது பிறப்பது.

இதைக் கண்டுபிடித்தவர் துணிக்கையைத் தேடிப் போகவில்லை. சாள்ஸ் வில்சன் 1894இல் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் முகிலிலே வெயில் படும் அழகைப் பார்த்து, அதை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். 1911இல் அந்தச் செயற்கை முகிலுக்குள் துணிக்கைத் தடங்களைக் கண்டார். 1927இல் நோபல் பரிசு. அவருடைய பெட்டி வளியைத் திடீரென விரியவைத்துக் குளிராக்கும். நாங்கள் செய்வது அதைவிட எளிதான பிற்கால வகை. விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அடியில் குளிர் வேண்டும்.

சாமான்கள்

ஒரு சின்னக் கண்ணாடி மீன்தொட்டி. எங்களுடையது 30 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், 20 உயரம். முன்பு கப்பி மீன் இருந்தது. அக்ரிலிக் பெட்டி வேண்டாம், அற்ககோல் பட்டுப் பட்டு மயிர்வெடிப்பு விழும். தொட்டியைக் கவிழ்த்து வைக்கப்போகிறோம். அதன் வாயைவிடச் சற்றுப் பெரிய அலுமினியத் தகடு ஒன்றுக்கு, மேற்பக்கம் மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் அடித்துக் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் கறுப்பில்தான் தெரியும்.

கவிழ்த்த பிறகு கூரையாக வரும் பக்கத்தில், உள்ளே, தடித்த ஃபெல்ற் துணியைச் சுற்றிவர வைக்க வேண்டும். ஒட்டுப்பசை பாவிக்காதீர்கள். அற்ககோலில் பசை கரைந்து, நடு இருட்டில் துணி பொத்தென்று விழும். எங்களுக்கு விழுந்தது. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தங்களை உள்ளுக்கொன்று வெளிக்கொன்றாக வைத்துப் பிடிக்கச் செய்தோம், இன்றுவரை விழவில்லை.

அற்ககோலில்தான் பலர் வழுக்குவார்கள். ஐசோபுரொப்பைல் அற்ககோல், 99 வீதம். பாமசியில் கைக்குப் பூசத் தருவது பெரும்பாலும் 70 வீதம், மிச்சம் தண்ணீர். முதல் தடவை நான் அதைத்தான் வாங்கினேன். இரண்டு மணித்தியாலம் ஒன்பது பிள்ளைகளும் உறைபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, போத்தலில் 70 என்று பெரிதாகவே எழுதியிருந்தது. 99 வீதமானது எங்கே கிடைக்கும் என்றால், கைத்தொலைபேசி திருத்துகிற கடையில். தண்ணீர் பட்ட போனின் சேர்க்கிட் போட்டைக் கழுவ அவர்கள் வைத்திருப்பார்கள், எங்கே வாங்கலாம் என்றும் சொல்வார்கள். ஒரு தடவைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு போதும்.

அடுத்தது உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த காபனீரொட்சைட்டு, சைபருக்குக் கீழே 78 பாகை. மீன்பிடித் துறையில் லொறி லொறியாக ஐஸ் இருக்கிற ஊரில் இது மட்டும் இல்லை. சாதாரண ஐஸ் உதவாது, உப்புப் போட்டாலும் உதவாது. உப்பும் ஐசும் சேர்ந்து சைபருக்குக் கீழே 21 வரைதான் போகும், அது போதாது. எங்களுக்குக் கொழும்பிலிருந்து என் மருமகன் கொண்டுவருவான். பக்கத்து வீட்டு அண்ணை கடலுக்குக் கொண்டுபோகும் ரெஜிபோம் மீன்பெட்டியை இரவல் வாங்கி அனுப்புவேன். ஆறு கிலோ கட்டியாக வாங்கி இரவு பஸ்ஸில் ஏறினால், விடிய இங்கே வரும்போது நாலு கிலோவும் கொஞ்சமும் மிஞ்சும். தூளாகவோ குறுணியாகவோ வாங்கினால் இன்னும் வேகமாகக் கரையும். கரையும் என்று சொல்வதும் பிழை, அது தண்ணீராகாமல் நேரே ஆவியாகப் போகிறது.

அந்த ஆவியில் கவனம். ஒரு கிலோ உலர் பனிக்கட்டி ஐந்நூறு லீற்றருக்கு மேல் வாயுவாகும். ஆகவே பெட்டியின் மூடியை ரேப் போட்டு இறுக்கக்கூடாது, போத்தலிலோ பிளாஸ்கிலோ அடைக்கவே கூடாது, வெடிக்கும். யன்னல் பூட்டிய குளிரூட்டிய பஸ்ஸில் காலடியில் வைக்கவும் கூடாது. மருமகன் முதல் தடவை அந்த வசதியான பஸ்ஸில்தான் வருவேன் என்று அடம்பிடித்தான். “மாமி, உங்கடை மியூவோனுக்காக நான் இரவு முழுக்கக் காத்து வாங்கிக்கொண்டு வாறதோ?” என்று இன்றைக்கும் கேட்பான். ஆமாம், யன்னல் திறந்த பஸ்தான்.

வெளிச்சத்துக்கு ஒரு நல்ல எல்ஈடி டோர்ச். தொட்டியின் வாயைச் சுற்றி அடைக்கப் பிளாஸ்ரிசின் களி. கைக்குத் தடித்த துணிக் கையுறை.

உலர் பனிக்கட்டிக்கு வழியே இல்லாதவர்கள், மின்னால் குளிராக்கும் பெல்ரியர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கம்பியூட்டர் விசிறி பூட்டிச் செய்வதுண்டு. கிடைப்பது தீப்பெட்டி அளவு சாளரம். ஒன்பது பிள்ளைகள் தலையை நீட்டினால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பூட்டும் ஒழுங்கு

பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்குங்கள். ஆறரைக்கு மேல் எங்கள் ஊரில் இருட்டு தானாக வந்துவிடும், யன்னலை மறைக்கத் துணி தேடத் தேவையில்லை. யன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும், காபனீரொட்சைட்டு பாரமானது, தரையில் தேங்கும். ஆகவே பெட்டி மேசையில், பிள்ளைகள் நின்றபடி. பாயில் இருந்து பார்ப்பது வேண்டாம்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. யன்னலைத் திறந்தால் நுளம்பு வரும். டெங்குப் பயத்தில் யாராவது ஓடிப்போய் நுளம்புத்திரி கொளுத்துவார்கள். அற்ககோல் ஆவி இருக்கிற அறையில் நெருப்பு கூடாது. திரி, விளக்கு, சாம்பிராணி எதுவும் வேண்டாம். நீளக் கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.

மீன்பெட்டி மூடியைக் கவிழ்த்து அதற்குள் பனிக்கட்டியை மட்டமாகப் பரப்புங்கள். ஒரு சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டினால் மட்டமாக வரும். அதன்மேல் கறுப்புப் பக்கம் மேலே வர அலுமினியத் தகடு. தகடு முழுவதும் பனியில் பட வேண்டும். ஒரு மூலை தூக்கி நின்றால் அந்த மூலையில் ஒன்றும் தெரியாது. வைத்தவுடன் தகடு கீச்சென்று கத்தும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஃபெல்ற்றை அற்ககோலில் நன்றாக ஊறவைத்து, தகட்டின்மேலும் ஒரு கரண்டி ஊற்றி, தொட்டியைக் கவிழ்த்துச் சுற்றிவரக் களியால் அடையுங்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில், தகட்டின் மட்டத்தோடு கிடையாகப் பிடியுங்கள். மேலேயிருந்து அடித்தால் தகடு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். தொட்டியைத் தட்டாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள். முதலில் தகட்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குள் மெல்லிய தூறல் விழத் தொடங்கும். அது வந்தால் பாதி வெற்றி. பிறகு அந்தத் தூறலுக்குள் திடீரென்று ஒரு கோடு தோன்றி, ஒன்றிரண்டு செக்கனில் கலைந்து விழும்.

பெயரைப் பிறகு சொல்லுங்கள்

இந்த முழு வேலையிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். முதல் வருடம் நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி ஒரு சுவரொட்டி எழுதித் தொங்கவிட்டேன். அல்பா இப்படி, பீற்றா இப்படி, மியூவோன் இப்படி என்று படங்கள், மும்மொழியில் பெயர்கள். பிறகு பிள்ளைகளிடம், கண்டதை வரையுங்கள் என்றேன். ஒன்பது கொப்பியிலும் சுவரொட்டியின் படம்தான் இருந்தது. தொட்டிக்குள் அந்த இரவு அல்பா வந்ததாகவே எனக்கு நினைவில்லை, எட்டுப் பேர் அல்பா வரைந்திருந்தார்கள். அன்றிரவே சுவரொட்டியைக் கழற்றினேன்.

இப்போது செய்வது இப்படி. முதல் அரை மணித்தியாலம் ஒருவருக்கும் ஒரு கலைச்சொல்லும் கிடையாது. கண்டதை வரைந்து, வீட்டில் பேசுகிற மொழியில் தாங்களே ஒரு பெயர் வைக்க வேண்டும். சிங்களப் பிள்ளை சிங்களத்தில் எழுதலாம், கிண்ணியாப் பிள்ளை வாப்பா சொல்கிற சொல்லையே எழுதலாம். பிழை சரி பார்க்க மாட்டேன்.

வந்த பெயர்களைப் பாருங்கள். அடியில் விழும் தூறலுக்குச் சிங்களப் பிள்ளை ஒருத்தி ‘பொத வெஸ்ஸ’ என்று எழுதினாள், அவர்கள் தூறல்மழைக்குச் சொல்வது. குட்டையாய்த் தடித்து வரும் தடத்துக்கு ஒருவன் ‘மயிர்க்கொட்டி’ என்றான். மேசையின் மற்றப் பக்கத்தில் ‘தளம்புவா’ என்று எழுதியிருந்தது, அதே பூச்சிதான். நெளிந்து வளைந்து ஓடுகிறதற்குப் ‘புழு’, அங்கே ‘பணுவா’. நீட்டாய், நேராய், மெல்லியதாய் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குத் தமிழ்ப் பிள்ளை ‘நூல்’ என்று எழுதினாள். சிங்களப் பிள்ளையின் கொப்பியில் ‘நூல’. இரண்டு பேரும் கொப்பியை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக நான் நினைப்பேனோ என்று பயந்து என்னைப் பார்த்தார்கள். சிங்களத்திலும் நூலுக்கு அதே சொல்தான் என்று அன்றைக்குத்தான் அந்த மேசையில் பாதிப் பேருக்குத் தெரியவந்தது.

இதற்குப் பிறகுதான் பாடப்பெயர். மயிர்க்கொட்டி என்பது அல்பாத் துணிக்கை: பாரமானது, ஏற்றம் கூடியது, போகிற வழியில் நெருக்கமாக அயனாக்கி, சில சென்ரிமீற்றருக்குள் சக்தி தீர்ந்து நின்றுவிடும். அதனால்தான் குட்டை, அதனால்தான் தடிப்பு. புழு என்பது இலத்திரன், சுவரொட்டியில் பீற்றா என்று எழுதியது: இலேசானது, எதில் இடித்தாலும் திசை மாறும். நூல் பெரும்பாலும் மியூவோன்: இலத்திரனைவிட 200 மடங்குக்கு மேல் பாரம், வேகமோ ஒளியை எட்டிப்பிடிக்கிற வேகம், அதனால் வளையாமல் போகிறது. பிள்ளை வைத்த பெயருக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ‘ஏன் அதை மயிர்க்கொட்டி என்றாய்?’ என்று கேட்டால் பாடத்தின் பாதியை அவனே சொல்லி முடிப்பான்.

பாடப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பாடநூலில் துணிக்கை, இலத்திரன். பிள்ளைகள் யூடியூபில் பார்ப்பது தமிழ்நாட்டு வகுப்பு, அங்கே துகள், எலக்ட்ரான். “துகளும் துணிக்கையும் வேறை வேறையோ ரீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் எழுதி வை என்றேன். சிங்களத்தில் அங்ஷுவ. நாளைக்குப் பல்கலைக்கழகம் போனால் ஆங்கிலத்தில் எல்லாம் திரும்ப வரும். ஆகவே எங்கள் பொதுக் கொப்பியில் ஒரு பக்கத்தில் இடமிருந்து வலமாக: படம், நீ வைத்த பெயர், இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ், சிங்களம், கடைசியாக ஆங்கிலம். அந்த ஒழுங்கை மாற்ற விடமாட்டேன்.

அல்பா வராவிட்டால்

வளியிலுள்ள, கதிர்த்தொழிற்பாடுள்ள ரேடன் வாயுவால் எப்போதாவது ஒரு மயிர்க்கொட்டி வரும். நிச்சயமாகக் காட்ட வேண்டுமென்றால், டிக் வெல்டிங் செய்கிற இடத்தில் சிவப்பு முனையுள்ள தங்குதன் கோல் ஒன்று கேளுங்கள். அதில் ஏறத்தாழ 2 வீதம் தோரியம், அல்பாவை வெளிவிடும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகம், சேர்ந்திருக்கும். தொட்டிக்குள் வைத்தால் கோலைச் சுற்றி மயிர்க்கொட்டிகள் முளைத்தபடி இருக்கும். அராவவோ தீட்டவோ கூடாது, அந்தத் தூசி உள்ளே போகக்கூடாது. தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

புல்மோட்டை மணலை வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்மனைற்றோடு மொனசைற்றும் அந்த மணலில் உண்டு, மொனசைற்றில் தோரியம் உண்டு, உண்மைதான். தோரியனைற்று என்ற கனியமே 1904இல் ஆனந்த குமாரசுவாமி இந்தத் தீவில் கண்டெடுத்தது. கலை பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான், அப்போது அவர் இங்கே கனிய ஆய்வாளர். ஆனாலும் மணல் வேண்டாம். கனியமணல் அரசாங்கச் சொத்து, அதோடு பிள்ளைகள் கையில் தூசியாய் உதிரும். கோல் சுத்தமான வேலை.

எண்ணுவது

பார்த்து வாய்பிளந்துவிட்டு வீட்டுக்குப் போனால் அது வேடிக்கை. எண்ணினால்தான் ஆய்வு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் நேரம் சொல்ல மற்றவர் நூல்களை மட்டும் ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பத்துத் தடவை. மற்றச் சோடியின் எண்ணைக் கேட்கக்கூடாது. ஒரு சோடிக்கு 9, 4, 7, 11, 5 என்று வரும். உடனே முகம் சுருங்கிவிடும், பிழையாய் எண்ணிவிட்டோம் என்று நினைப்பார்கள். ஒரு பையன் எல்லாவற்றையும் அழித்து 7, 7, 8, 7 என்று ‘திருத்தி’ எழுதினான். அழித்த எண்தான் சரி, எழுதிய எண்தான் பொய் என்று விளக்க எனக்கு அரை மணித்தியாலம் போனது. தற்செயலாக வருகிறவை அப்படித்தான் ஏறி இறங்கும். மொத்தம் 64 எண்ணினால் அதன் வர்க்கமூலமான 8 அளவுக்கு மேலே கீழே போவது இயல்பு. சோடிகளின் மொத்தங்கள் அதைவிட மிகவும் ஒட்டி வந்தால் நான் சந்தேகப்படுவேன்.

இங்கே ஒரு கூர்மையான பிள்ளை கேட்கும் கேள்விக்குத் தயாராக இருங்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவோன். எங்கள் தகடு 600 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் நிமிடத்துக்கு 600 நூல் வர வேண்டுமே, ஏன் ஏழுதான்? பெரும்பாலானவை மேலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக விழுகின்றன. துளி பிடிக்கக்கூடிய படை ஒரு விரல் உயரம்தான், அதைச் செங்குத்தாகக் கடந்தால் தெரிவது புள்ளி அளவு, தூறலோடு தூறலாய்ப் போய்விடும். சரிந்து, ஏறத்தாழக் கிடையாக வருகிறவைதான் நூலாய்த் தெரியும், அப்படி வருகிறவை மிகக் குறைவு.

நாங்கள் புவிகாந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அண்டக்கதிர் சற்றுக் குறைவு. 1927இல் யாக்கோப் கிளே என்ற ஒல்லாந்துக்காரர் ஜாவாவிலிருந்து கப்பலில் கருவியோடு போய்த்தான் இந்த வித்தியாசத்தைக் கண்டார். எங்கள் மீன்தொட்டியில் அது தெரியாது. தெரிகிறதென்று பிள்ளை எழுதினால் வர்க்கமூலத்தைக் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி இன்னும் வடிவானது. மியூவோன் பிறப்பது ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில், இங்கிருந்து நிலாவெளிக்குப் போகிற தூரமளவு. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்குரோ செக்கன். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீற்றர்தான் போகலாம். வழியிலுள்ள சாம்பல்தீவைக்கூட எட்டாமல் செத்துவிட வேண்டியது எப்படி வீடு வந்து சேர்கிறது? வேகமாய் ஓடுகிறவனின் கடிகாரம் எங்களுக்கு மெதுவாய் ஓடுகிறதாகத் தெரியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதற்கு, தொட்டியில் விழும் ஒவ்வொரு நூலும் சாட்சி. இதை நான் உடனே சொல்வதில்லை. ஒரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க விடுவேன். கிண்ணியாப் பிள்ளை ஒருத்தியின் உம்மா, “ரீச்சர், ரெண்டு நாளா இவ சோறு திங்காம இதையே கேக்கா” என்று போன் எடுத்தார்.

தடம் வராத இரவுகள்

தூறலே இல்லையா? ஃபெல்ற் காய்ந்திருக்கும், அல்லது களியில் ஓட்டை. தூறல் உண்டு, தடம் இல்லையா? டோர்ச்சின் கோணத்தை மாற்றுங்கள், பத்தில் ஏழு தடவை அதுதான். முகில் புரண்டு புரண்டு ஓடினால் காற்று உள்ளே போகிறது. எங்கள் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்க்கும், அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தபடி இருங்கள். பிளாஸ்ரிக் அடிமட்டத்தைக் கம்பளியில் தேய்த்து மேலே பிடித்தால் பழைய அயன்கள் அகன்று தடம் தெளியும் என்று வழிகாட்டிகளில் இருக்கும். இந்த ஈரத்தில் அந்த ஏற்றம் நிற்பதில்லை, நான் விட்டுவிட்டேன்.

எட்டரைக்கு முடித்துவிடுங்கள், கிண்ணியாப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவார்கள். மிஞ்சிய பனிக்கட்டியை முற்றத்தில் திறந்த தகரத்தில், நாய் முகராத உயரத்தில் வைத்தால் விடிவதற்குள் தானாய்ப் போய்விடும். கிணற்றிலோ கழுவுதொட்டியிலோ போடாதீர்கள். மீன்பெட்டியை அன்றிரவே கழுவிக் கொடுக்க வேண்டும், அண்ணை விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர். போன தடவை மூடியில் கறுப்புப் பெயின்ற் ஒட்டியிருந்ததற்கு இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.